ஈரத்துணி காட்டிய மட்டம்

"ஒண்ணு கேளு எலிசு. இன்னா வேணும்னாலும் கேளு. இல்லன்னு சொன்னா என் பேரு ஜெபின் இல்ல."

"இப்ப ஒண்ணும் வேணாம்."

"பொடவ? கம்மலு? வேளாங்கண்ணி போய்ட்டு வரலாமா?"

"வேணாம்னா வேணாம். அந்த ஒண்ண அப்டியே எடுத்து வெச்சிக்கிறேன். எப்ப தோணுதோ அப்ப கேப்பேன். அப்ப மாட்டேன்னு சொல்லக்கூடாது."

"ஐயோ, இது பெரிய வம்பா இருக்குதே!"

பதினோரு வருடங்களுக்கு முன், தாலி கட்டிய கையோடு டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஜெபினும் எலிசபெத்தும் பேசிக்கொண்டது இது. பஸ் குலுங்கிய குலுக்கலில் மாலையிலிருந்த பூ உதிர்ந்து முன்சீட்டுக்காரர் வழுக்கைத் தலையில் விழ, அவர் திரும்பிப் பார்த்து, "நல்லா கெட்டியா புட்ச்சிக்கோம்மா, விட்டுடாத" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து அந்த 'ஒண்ணு' அவர்கள் வீட்டில் மூன்றாவது ஆள்போல வளர்ந்தது. மகள் அனு பிறந்த பிறகு நாலாவது ஆள். மிக்ஸி ரிப்பேராகிப் புதிது வேண்டுமென்றால், "அந்த ஒண்ண எடுக்கப் போறியா?" என்று ஜெபின் கண்ணடிப்பான். "மிக்ஸிக்கெல்லாம் எடுப்பாங்களா? அது வேற" என்பாள் எலிசபெத். மிக்ஸி எப்படியும் வந்துவிடும். அந்த ஒன்று மட்டும் செலவாகாமல் அப்படியே இருந்தது.

அதை எதற்குக் கேட்பது என்று பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அன்றைக்கே அவளுக்குத் தெரியும்.

ஜெபின் பெண் கேட்டு, செஞ்சிக்குப் பக்கத்தில் எலிசபெத்தின் ஊரான வல்லத்துக்கு வந்தபோது ஒரு ஓட்டலில் எடுபிடியாக இருந்தான். எலிசபெத் 'நைனா' என்று கூப்பிடும் அவள் அப்பா மதலைமுத்து, தெருவே கேட்கும்படி, "சட்டி கழுவுறவனுக்குப் பொண்ணு குடுக்க நான் இன்னா கதிகெட்டா கெடக்குறேன்?" என்று கேட்டார். ஜெபின் தலை நிமிராமல், "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என்னை செருப்பால அடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்பா இல்லாமலே கல்யாணம் நடந்தது. சொன்னதை அவன் காப்பாற்றியும் விட்டான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மனைவியையும் மகளையும் வல்லம் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு, வண்டியை அங்கேயே திருப்பிக்கொண்டு போவான். 'வாங்களேன்' என்ற ஒரு சொல் ஒவ்வொரு வருடமும் எலிசபெத்தின் நாக்கு நுனி வரை வரும். கேட்டால் வருவான், கொடுத்த வார்த்தையாயிற்றே. ஆனால் கேட்டு வாங்கினால் அது ருசிக்காது என்று அவள் விழுங்கிவிடுவாள். ஒருநாள் தானாகவே இறங்கி வருவான் என்று காத்திருந்ததில் பதினோரு வருடம் ஓடிவிட்டது.

செஞ்சியில் கோட்டைக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது 'அனு மெஸ்'. கீழே கடை, மேலே வீடு. கோட்டைக்கு உலக அளவில் பெயர் கிடைத்த பிறகு சனி, ஞாயிறுகளில் சென்னை வண்டிகள் வரிசைகட்ட ஆரம்பித்தன. அந்த வருடம்தான் ஜெபின் இரண்டு விறகடுப்புகளையும் கடப்பாரையால் இடித்துத் தள்ளினான். சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ் ஒட்டி, நாலு பெரிய காஸ் அடுப்பு வைத்தான். கட்டட உரிமையாளரும், "இனிமே என் பில்டிங்குல பொகை வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே பெயின்ட் அடித்தார். பக்கத்திலும் எதிரிலும் புதுக் கடைகள் முளைத்தன. எல்லாக் கடையிலும் காஸ். மொத்த ரோட்டிலும் ஒரு விறகுக் குச்சி கிடையாது.

எங்கேயோ ஒரு கடலில் சண்டை வந்து கப்பல்கள் நின்றுவிட்டதாக டிவியில் காட்டினார்கள். ஜெபின் சட்னி ஊற்றிக்கொண்டே, "கப்பலு நிக்கறதுக்கும் நம்ப இட்லிக்கும் இன்னாபா சம்பந்தம்?" என்று கேட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பதினைந்து நாளில் சம்பந்தம் தெரிந்தது. காஸ் ஏஜென்சியில் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துவிட்டு, "நாம எரிக்கறதுல பாதிக்கு மேல கப்பல்ல வர்றதுதான். வீட்டுக்கே பத்தல, கடைக்கு எங்க போறது?" என்றார்கள். கடைக்குரிய பெரிய சிலிண்டர் அதோடு நின்றது. முதலில் டீக்கடைகள் மூடின. பிறகு பரோட்டாக் கடை. ஒரு ரோடு இவ்வளவு சீக்கிரம் அணைந்துபோகும் என்று எலிசபெத் நினைத்ததே இல்லை.

சிங்கவரத்திலிருந்து பால் கொண்டுவரும் பச்சமுத்து கேனை இறக்காமலே சைக்கிளில் காலூன்றி நின்றார்.

"இன்னிக்கும் நாலு லிட்டர்தானாம்மா?"

"அதுவே மீறுதுண்ணா. டீ போடறதில்லையே."

"ஆறு டீக்கடையில நாலு மூடிட்டான். மாட்டுக்கு இன்னா தெரியும், அது பாட்டுக்குக் கறக்குது. நேத்து மிச்சத்த கன்னுக்குட்டிக்கே ஊத்திட்டேன். அதுதான் இப்ப ஊர்லயே வசதியா இருக்குது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவருக்குப் பின்னால் வாழை இலைக் கட்டோடு வருகிறவர் மூன்று நாளாக வரவில்லை. மெஸ்ஸின் பரோட்டா மாஸ்டர் தங்கராஜ், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பரோட்டா அடுப்ப மறுபடி ஏத்துனா ஃபோன் பண்ணுக்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். கோட்டை பார்க்க வந்தவர்கள் வெயிலில் படி இறங்கி, மூடிய கடைகளை ஒன்று ஒன்றாகப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறி வேறு ஊருக்குப் போனார்கள்.

அனு மெஸ் மட்டும் மூடவில்லை.

"உனக்கு மட்டும் எங்கேர்ந்துபா வருது?" என்று எதிர்க்கடைக்காரர்கள் கேட்டார்கள். "தெரிஞ்ச ஆளு ஒருத்தரு" என்றான் ஜெபின். எலிசபெத்திடமும் அதையே சொன்னான். அவளும் நம்பினாள். கடையின் பின்பக்கம் இருந்த ஸ்டோர் ரூமுக்குப் புதுப் பூட்டு வந்ததையும், சாவி அவன் இடுப்புக் கயிற்றில் ஏறியதையும் பார்த்தாள். சாயங்காலம் ஒரு தடவைக்கு மூன்று தடவை அவன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதையும் பார்த்தாள். கஷ்டகாலத்தில் மனுஷனுக்கு ஏதோ ஒரு பழக்கம் வரும் என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை அம்மா சவரியம்மாள் வல்லத்திலிருந்து பேசினாள்.

"கட ஓடுதா எலிசு?"

"ஓடுதும்மா."

"இங்க நைனா தலையில கைய வெச்சிக்கினு உக்காந்துருக்காரு. சவுக்குத் தோப்ப வெட்டி அடுக்கி ஒரு மாசமாவுது. பேப்பர் கம்பெனி லாரி வரவே இல்ல. டீசல் வெல ஏறிப்போச்சாம், இந்த தூரத்துக்குக் கட்டுப்படி ஆவலன்றான். மழ வந்தா அவ்ளோவும் வீணா போவும். நீங்க அங்க அடுப்பு இல்லாம கெடக்குறீங்க, இங்க வெறகு மலயாட்டம் கெடக்குது. சொன்னா யாரு கேக்குறா?"

"நைனா இன்னா சொல்றாரு?"

"அவரா? 'அவன் வந்து கேட்டா குடுப்பேன்'ங்குறாரு. இவரு வீம்பு இவருக்கு, அவரு வீம்பு அவருக்கு. நடுவுல நாம ரெண்டு பொம்பளைங்க ஃபோன்ல பேசிக்கினு கெடக்குறோம்."

எலிசபெத் ஜெபினிடம் இதைச் சொல்லலாமென்று இறங்கிப் போனாள். அவன் ஃபோனில் இருந்தான். கோட்டை பார்க்க சனிக்கிழமை நாலு டூரிஸ்ட் பஸ் வருகிறது, இருநூறு பேர். ஏற்பாடு செய்கிறவர் சத்தமாகப் பேசியது அவளுக்கும் கேட்டது. "சாப்பாடு முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. திருவண்ணாமலையில பாத்துக்குறோம். ஆனா அப்புறம் செஞ்சியில நிறுத்தற வேலையே இல்ல. கோட்டைய பாத்துட்டுக் கெளம்பிடுவோம்."

"இருநூறு பேருக்கும் ரெடியா இருக்கும் சார்" என்றான் ஜெபின். திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். நெற்றியில் வியர்வை நின்றது.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு விறகுப் பேச்சு அவள் வாயிலிருந்து வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மாடியில் அனுவுக்குத் தோசை ஊற்றும்போது தீ மெலிந்து நீலம் குறைந்து நடுங்கியது. வீட்டு சிலிண்டர் மாற்றிப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. அவர்கள் மூன்று பேருக்கு அது இரண்டு மாதம் வரும். சந்தேகத்துக்கு ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, சிலிண்டரின் மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாகத் துடைத்தாள். எல்லா வீட்டிலும் பெண்கள் செய்வதுதான். காஸ் இல்லாத பாகத்தில் ஈரம் சட்டென்று காயும், காஸ் இருக்கிற மட்டத்துக்குக் கீழே ஈரம் நிற்கும்.

தோள் காய்ந்தது. நடு காய்ந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். காய்ந்த பாகம் கீழே இறங்கிக்கொண்டே போனது. அடியில் நாலு விரல் உயரத்துக்கு மட்டும் ஈரம் மினுங்கியது.

இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். வெறும் குடம் மாதிரி வந்தது.

கசிந்திருந்தால் நாற்றம் வந்திருக்கும். பிறகு எங்கே போனது? அப்போதுதான் எதிர்வீட்டுப் பூங்குழலி நேற்றுக் கேட்டது ஞாபகம் வந்தது. "யக்கா, உங்க வூட்டுக்காரரு ரெண்டு நாள்ல தரேன்னு எங்க சிலிண்டர எடுத்துக்கினு போனாரே, வந்துச்சா?" என்று கேட்டிருந்தாள். ஏதோ அவசரத்துக்கு வாங்கியிருப்பான் என்று இவளும், "சொல்றேன் பூங்குழலி" என்று அனுப்பிவிட்டாள்.

புதுப் பூட்டு, இடுப்பில் சாவி, மூன்று தடவை சோப்பு. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. வீட்டு சிலிண்டர்களைக் கொண்டுவந்து, அதிலிருக்கும் காஸைப் பெரிய சிலிண்டருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். அந்த ஸ்டோர் ரூமுக்கு நேர் மேலேதான் அனு படுக்கும் கட்டில்.

ஜெபின் மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். ஃபோனில் பேசுகிற விஷயமில்லை இது. வரட்டும் என்று இருந்தாள். நாலு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. வெளியே காற்று அசையவில்லை. ராஜகிரி மலை மேல் மேகம் கருத்து, கீழே இறங்காமல் அப்படியே நின்றது. அவன் வந்த வண்டிச் சத்தமும் பின்பக்கக் கதவுச் சத்தமும் கேட்டன. மேலே வரவில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன் கரன்ட் போனது.

எலிசபெத் படி இறங்கினாள். பாதிப் படியில் நாற்றம் மூக்கில் அறைந்தது. கடைசிப் படியில் அது முழங்காலைச் சுற்றிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

கல்லாவுக்கு மேலே மாதா படம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி கடை திறக்குமுன் அதற்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது அனுவின் வேலை. அம்மா சமையலறையில் மும்முரமாக இருந்தால் அவளே இறங்கி வந்துவிடுவாள். இன்றைக்கும் வந்திருந்தாள். ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஒரு கையில் தீப்பெட்டி, மறுகையில் குச்சி.

கத்தினால் பிள்ளை திடுக்கிட்டுக் கிழித்துவிடும். எலிசபெத் தன் குரலைத் தானே பிடித்து நிறுத்தினாள்.

"அனு."

"அம்மா, இன்னாம்மா நாத்தம் இது? கரன்ட்டும் போச்சு, நான் ஏத்திடறேன்."

"இன்னிக்கு அம்மா ஏத்துறேன் கண்ணு. அத இப்டிக் குடு. குச்சியும் குடு."

பிள்ளை கொடுத்தது. எலிசபெத் அந்தச் சின்னப் பெட்டியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பூங்குழலி அக்கா வீட்டுக்குப் போய் உக்காரு. அம்மா கூப்புட்ற வரைக்கும் வரக்கூடாது. ஓடு."

அனு ரோட்டைத் தாண்டும் வரை பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனாள். ஸ்டோர் ரூம் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அரையிருட்டில் ஜெபின் குனிந்திருந்தான். பெரிய சிலிண்டர் ஒன்று, அதன் மேல் கவிழ்த்துக் கட்டிய சின்ன சிலிண்டர் ஒன்று, சுவரோரம் ஏழெட்டு வெற்று சிலிண்டர்கள். மூலையில் சாக்கு போட்டு மூடிய இன்னும் சில.

"யாரு, எலிசா? இரு, ஒண்ணும் தெரியல. செல்லுல லைட் போடறேன்."

"எதையும் தொடாதீங்க. செல்ல எடுக்காதீங்க. அப்டியே வெளிய வாங்க."

"கொஞ்சந்தான் கசியுது. வாஷர் போயிருக்குது. தெனமும் இப்டிதான்."

"தெனமுமா?"

அவன் வெளியே வந்தான்.

அப்போதுதான் அவள் கண் மேலே போனது. ஸ்டோர் ரூம் சுவரில் எக்சாஸ்ட் ஃபேன். நாற்றம் போகட்டும் என்று அதன் சுவிட்சைப் போட்டே வைத்திருந்தான். கரன்ட் போனதால்தான் அது நின்றிருந்தது. கரன்ட் வந்தால் சுற்றும். சுற்றும்போது எங்கே பொறி வரும் என்று யாருக்குத் தெரியும்?

எலிசபெத் ஓடினாள். கடை வழியாக, மேசை இடுப்பில் இடிக்க, முன்வாசலுக்கு வந்து, வெளிச்சுவரிலிருந்த மெயின் சுவிட்சைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள். அதன் பிறகும் கையை எடுக்கத் தோன்றாமல், ஏதோ அது தானாக ஏறிவிடும் என்பதுபோல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஜெபின் கவிழ்ந்திருந்த சிலிண்டரைக் கழற்றி மூடிவிட்டு, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்தான். இருவரும் பின்சந்தில் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

"அனு கையில தீப்பெட்டி இருந்துச்சு" என்றாள் எலிசபெத்.

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். கைகளுக்குள்ளிருந்தே பேசினான்.

"நான் இன்னா பண்றது எலிசு? எங்கியோ கப்பலு நின்னா, அதுக்கு நான் இன்னா பண்றது? நாளைக்கு அந்த நாலு பஸ்ஸு திரும்பிடுச்சுன்னா அப்புறம் எந்த பஸ்ஸும் நிக்காது. நம்ப கடை மட்டுமா? இந்த ரோடே போச்சு. தங்கராஜ் திரும்பி வரமாட்டான். பச்சமுத்து மாட்ட வித்துடுவாரு. சட்டி கழுவுன எடத்துக்கே நான் திரும்பிப் போவணும்."

சட்டி கழுவுவது, அது அவள் அப்பா வீசிய சொல். பதினோரு வருடமாக அவன் யாரிடம் வழக்காடிக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்கு விளங்கியது. அந்த வெள்ளை டைல்ஸ், நாலு அடுப்பு, இந்த இருட்டு ரூம், எல்லாமே வல்லத்தில் ஒரு வாசற்படிக்குச் சொன்ன பதில்கள்.

"நைனாகிட்ட சவுக்கு வெறகு அடுக்கிக் கெடக்குது. லாரி வரல. தோப்புல ஷெட் இருக்குது, போர் தண்ணி இருக்குது. அங்கியே சமைச்சு வண்டியில எடுத்துக்கினு வந்துடலாம்."

ஜெபின் கையை முகத்திலிருந்து எடுத்தான்.

"நீ போய்க் கேளு. உனக்குக் குடுப்பாரு. நான் தங்கராஜுக்கு ஃபோன் பண்ணி நேரா அங்க வரச்சொல்றேன். நான் இங்க இருக்குறேன்."

"இங்க இருந்து?"

"இருக்குற சிலிண்டர்ல கொஞ்சம் தேத்துனா சாம்பாரு, ரசம் மட்டும்..." என்று ஆரம்பித்தவன், அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். ஆனாலும் அவன் கை இடுப்புக் கயிற்றிலிருந்த சாவியைத் தடவிக்கொண்டிருந்தது.

நைனா என்ன வீம்பு பேசினாலும், தான் மட்டும் போனால்கூட விறகு கொடுத்துவிடுவார். நாளைய சாப்பாடும் நடந்துவிடும். ஆனால் அடுத்த வாரம் வேறு பஸ் வரும். கப்பல் அப்போதும் நின்றுகொண்டிருக்கும். இவன் மறுபடி அந்தப் பூட்டைத் திறப்பான். இரவல் வாங்க இன்னும் எத்தனை வீட்டு சிலிண்டர்கள் இந்த ஊரில் இருக்கின்றன என்று அவள் மனசு கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்தது.

கரன்ட் வந்தது. சந்து வழியே தெரிந்த பூங்குழலி வீட்டில் ட்யூப் லைட் மினுக்கி எரிந்தது. தெரு விளக்குகள் ஒவ்வொன்றாகப் பிடித்தன. எங்கோ ஒரு டிவி பாதிப் பாட்டிலிருந்து அலறியது. ரோடு முழுக்க வெளிச்சம். அவர்கள் கட்டடம் மட்டும் பல் விழுந்த இடம்போல் இருட்டாக நின்றது. திறந்த ஜன்னல்கள் வழியாக அந்த நாற்றம் இன்னும் வந்துகொண்டிருந்தது.

ஜெபின் எழுந்தான். "மெயின போட்டுட்டு வரேன். ஃப்ரிட்ஜுல மாவு புளிச்சிடும்."

எலிசபெத் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"உக்காருங்க. அந்த ஒண்ணு இருக்குதில்ல? பஸ்ஸுல குடுத்தீங்களே."

அவன் நின்றபடியே அவளைப் பார்த்தான். என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்ட முகம்.

"எலிசு, வேணாம். வேற எது வேணா கேளு."

"பதினோரு வருசமா வேற எதுவும் கேக்கல. இதத்தான் கேக்கணும்னு வெச்சிருந்தேன்." அவள் பிடியை விடவில்லை. "அந்த சாவிய என்கிட்ட குடுத்துட்டு இப்பவே என்கூட வல்லத்துக்கு வாங்க. பஸ் ஸ்டாப்போட நிக்கக்கூடாது. வாசப்படி ஏறி எங்க நைனா முன்னாடி நின்னு, 'வெறகு குடுங்க மாமா'ன்னு உங்க வாயால கேளுங்க."